டார்ச் அடித்தால் கை சிவக்கிறது... எலும்பு ஏன் தெரிவதில்லை? மில்லி நொடிக்குள் ஒளியைத் திருத்தப் போராடும் ஆய்வகங்கள்!

இருட்டு அறையில் மொபைல் டார்ச்சை ஆன் செய்து, அதன் மேல் விரல்களை வைத்து மூடிப் பாருங்கள். விரல்கள் சிவப்பாக ஒளிரும். அதாவது, வெளிச்சம் சதையைத் தாண்டி இந்தப் பக்கம் வந்துவிட்டது. ஆனால் உள்ளே இருக்கும் எலும்பின் உருவம் தெரிகிறதா? இல்லை. வெளிச்சம் வருகிறது, படம் மட்டும் வருவதில்லை.

ஏன் என்ற கேள்விக்கு விடை இயற்பியலாளர்களுக்குத் தெரியும். கலைந்துபோன வெளிச்சத்தை மறுபடியும் ஒழுங்குபடுத்தி ஒரே புள்ளியில் குவிக்க முடியும் என்பதையும் 2007ஆம் ஆண்டிலேயே செய்து காட்டிவிட்டார்கள். ஆனால், அது அசையாத பொருளில். உயிருள்ள உடம்பில் ரத்தம் ஓடிக்கொண்டே இருக்கிறது. அது சற்று நகர்வதற்குள் ஒளியைத் திருத்தி முடித்துவிட வேண்டும். அதற்குக் கிடைக்கும் அவகாசம் சில மில்லி நொடிகள்தான்.

உலகின் பல ஆய்வகங்கள் இப்போது ‘இன்னும் வேகமாக ஒளியை மாற்றும் கருவி’ ஒன்றைத் தேடி ஓடுவதற்கு இதுவும் ஒரு முக்கியக் காரணம். அந்தக் கருவி என்ன, யார் எதுவரை வந்திருக்கிறார்கள், இதனால் நமக்கு என்ன கிடைக்கும்? விரிவாகப் பார்க்கலாம்.

ஒளி மாடுலேஷன் என்றால் என்ன?

பெயர்தான் பெரிது. விஷயம் உங்கள் வீட்டு ஹாலிலேயே இருக்கிறது. டிவி ரிமோட்டில் பட்டனை அழுத்தும்போது அதன் முனையில் இருக்கும் சிறிய எல்.இ.டி. நொடிக்கு சுமார் 38,000 முறை எரிந்து அணைகிறது. அது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி. எவ்வளவு நேரம் துடிக்கிறது, எவ்வளவு நேரம் ஓய்கிறது என்ற கணக்கை வைத்துத்தான் ‘சேனலை மாற்று’, ‘சத்தத்தைக் குறை’ என்ற கட்டளை டிவிக்குப் போய்ச் சேருகிறது. பல மொபைல்களின் செல்ஃபி கேமராவில் ரிமோட்டின் முனையைக் காட்டினால் அந்த ஒளி மின்னுவதைப் பார்க்கலாம்.

கொரோனா காலத்தில் பல வீடுகளுக்கு வந்து சேர்ந்த பல்ஸ் ஆக்ஸிமீட்டரும் இதே ரகம்தான். அதில் சிவப்பு ஒளியும் அகச்சிவப்பு ஒளியும் மாறி மாறி, கண்ணுக்குப் பிடிபடாத வேகத்தில் எரிந்து அணைகின்றன. விரலைத் தாண்டி வரும் இரண்டின் அளவையும் ஒப்பிட்டு ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று கணக்குப் போடுகிறது.

இப்படி ஒளியின் ஏதாவது ஒரு குணத்தை நமக்குத் தேவையானபடி மாற்றுவதற்குத்தான் மாடுலேஷன் என்று பெயர். பள்ளிப் பாடப்புத்தகத்தில் ‘பண்பேற்றம்’ என்று படித்திருப்போம். மாற்றக்கூடிய குணங்களில் முக்கியமானவை இரண்டு.

* பிரகாசம்: ஒளியைக் கூட்டுவது, குறைப்பது, எரிய விடுவது, அணைப்பது.
* கட்டம்: ஒளி ஓர் அலை. அந்த அலையின் மேடும் பள்ளமும் எந்த நேரத்தில் வந்து சேர வேண்டும் என்பதைச் சற்று முன்னே பின்னே தள்ளுவது.

இரண்டாவதுதான் இந்தக் கதையின் ஹீரோ. குளத்தில் இரண்டு கல்லைப் போட்டால் இரண்டு வட்ட அலைகள் கிளம்பும். ஓர் அலையின் மேடும் இன்னோர் அலையின் மேடும் சேரும் இடத்தில் தண்ணீர் அதிகமாக எழும். மேடும் பள்ளமும் சேரும் இடத்தில் ஒன்றையொன்று அழித்துவிடும். ஒளியும் அப்படியே. பல்லாயிரம் ஒளிக்கதிர்களின் கட்டத்தைத் தனித்தனியாகச் சரிசெய்ய முடிந்தால், அவை எல்லாம் நாம் சொல்லும் ஒரே புள்ளியில் ‘மேடாக’ வந்து சேரும்படி செய்யலாம். அந்தப் புள்ளி பளிச்சென்று ஒளிரும்.

புதுசு இல்லை... 1849லேயே தொடங்கிய ஓட்டம்

ஒளியை வேகமாக வெட்டி வெட்டி அனுப்பும் யோசனைக்கு 170 வயதுக்கு மேல் ஆகிறது. பிரான்ஸைச் சேர்ந்த ஃபிஸோ 1849ல் 720 பற்கள் கொண்ட ஒரு சக்கரத்தை வேகமாகச் சுழலவிட்டு, பல் இடுக்கு வழியாக ஒளியை அனுப்பினார். 8 கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருந்த கண்ணாடியில் பட்டுத் திரும்பி வந்த ஒளியை அடுத்த பல் மறைக்கிறதா என்று பார்த்தே ஒளியின் வேகத்தைக் கணக்கிட்டார். அவருக்குக் கிடைத்த விடை நொடிக்கு சுமார் 3,13,000 கிலோமீட்டர். இன்று நமக்குத் தெரிந்த சரியான அளவு 2,99,792 கிலோமீட்டர். ஒரு பல் சக்கரத்துக்கு இது பெரிய சாதனைதான்.

பிறகு சக்கரத்தின் இடத்தில் மின்சாரம் வந்தது. சில பொருட்களுக்கு மின்னழுத்தம் கொடுத்தால் அவற்றின் வழியே ஒளி செல்லும் விதம் மாறும் என்பதை ஸ்காட்லாந்தின் ஜான் கெர் 1875லும், ஜெர்மனியின் ஃப்ரீட்ரிக் பாக்கெல்ஸ் 1893லும் விளக்கினார்கள். அவர்கள் பெயரில் உள்ள விளைவுகளை இன்றைய அதிவேகக் கருவிகளும் பயன்படுத்துகின்றன.

இந்த வரிசையில் நம்ம ஊர்ப் பெயரும் உண்டு. திருச்சியில் பிறந்த சர் சி.வி.ராமனும் அவருடைய மாணவர் நாகேந்திர நாத்தும் 1935ல் பெங்களூருவில் இருந்தபடி, மனிதக் காதுக்குக் கேட்காத உயர் அதிர்வெண் ஒலியைத் திரவத்தில் செலுத்தினால் அது ஒளியை எப்படிப் பல திசைகளில் பிரிக்கிறது என்பதற்குக் கணித விளக்கம் கொடுத்தார்கள். ஒலியைக் கொண்டு ஒளியைத் திருப்பும் கருவிகள் இன்று லேசர் ஆய்வகங்களிலும் மூளை நரம்புகளைப் படம்பிடிக்கும் நுண்ணோக்கிகளிலும் இருக்கின்றன. ‘ராமன் - நாத் விளைவு’ என்ற பெயர் இன்றும் பாடநூல்களில் நிற்கிறது.

சரி, எலும்பு ஏன் தெரிவதில்லை?

ஒரு டம்ளர் தண்ணீருக்குப் பின்னால் விரலை வைத்தால் தெரியும். அதே டம்ளரில் பாலை ஊற்றினால் தெரியாது. பால் ஒளியை விழுங்கிவிடவில்லை. விழுங்கியிருந்தால் அது கறுப்பாகத் தெரிந்திருக்கும். பாலில் மிதக்கும் கோடிக்கணக்கான கொழுப்புத் துளிகள் ஒளியை இங்கும் அங்கும் தட்டிவிடுகின்றன. அதுதான் சிதறல்.

நம் சதையும் பால் மாதிரிதான். செல்கள், நார்கள், கொழுப்பு என்று ஒவ்வொன்றிலும் மோதி, சுமார் ஒரு மில்லிமீட்டர் ஆழத்துக்குள்ளேயே ஒளி தான் வந்த திசையை மறந்துவிடுகிறது. மூளையை ஆராயப் பயன்படும் நவீன நுண்ணோக்கிகளே ஏறத்தாழ அந்த ஆழத்தில்தான் திணறத் தொடங்குகின்றன.

ஆனால் இதில் ஒரு முக்கியமான விஷயம் இருக்கிறது. சிதறல் என்பது பார்க்கக் குழப்பமாக இருந்தாலும், விதிப்படி நடக்கும் குழப்பம். ஒரே பொருளில் ஒரே மாதிரி ஒளியை அனுப்பினால் ஒரே மாதிரிதான் சிதறும். அப்படியென்றால், சிதறலுக்கு ஏற்றபடி ஒளியை முன்கூட்டியே ‘கலைத்து’ அனுப்பினால்? உள்ளே போகும்போது ஏற்படும் குழப்பமும், நாம் சேர்த்த குழப்பமும் ஒன்றையொன்று சரிக்கட்டிவிடும் அல்லவா?

2007ல் நெதர்லாந்தின் ட்வென்டே பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இவோ வெல்லேகூப், அல்லார்ட் மோஸ்க் இருவரும் இதைத்தான் செய்தார்கள். ஒளி ஊடுருவ முடியாத வெள்ளைப் பொருளின் ஒரு பக்கம் லேசரைப் பாய்ச்சி, அதன் கட்டத்தைப் பகுதி பகுதியாக மாற்றிப் பார்த்தார்கள். எந்த மாற்றத்தில் மறுபக்கம் உள்ள புள்ளி பிரகாசமாகிறதோ, அதை வைத்துக்கொண்டார்கள். முடிவில் அந்தப் புள்ளி, திருத்தாத நிலையைவிட சுமார் 1,000 மடங்கு பிரகாசமாக ஒளிர்ந்தது. ஒரு வெள்ளைப் பெயின்ட் பூச்சையே லென்ஸாக மாற்றியது போல!

எக்ஸ்ரே, ஸ்கேன் எல்லாம் இருக்கே... இது எதுக்கு?

நியாயமான கேள்வி. எக்ஸ்ரேவும் சி.டி. ஸ்கேனும் செல்களைப் பாதிக்கக்கூடிய கதிர்வீச்சைப் பயன்படுத்துகின்றன. அதனால் தேவைக்கு மேல் எடுக்கக் கூடாது என்பதில் மருத்துவர்கள் கவனமாக இருப்பார்கள். எம்.ஆர்.ஐ.யில் அந்த ஆபத்து இல்லை. ஆனால் கருவி பெரியது, விலை அதிகம். அல்ட்ராசவுண்ட் பாதுகாப்பானது, மலிவானது. ஆனால் செல் அளவுக்கு நுணுக்கமான படம் தராது.

கண்ணுக்குத் தெரியும் ஒளிக்கும் அகச்சிவப்பு ஒளிக்கும் ஒரு தனித்திறமை உண்டு. ஆக்சிஜன் உள்ள ரத்தத்தையும் ஆக்சிஜன் குறைந்த ரத்தத்தையும் நிறத்தைக் கொண்டே அவை பிரித்துச் சொல்லும். தகுந்த அளவில் பயன்படுத்தினால் செல்களுக்குக் கதிர்வீச்சு ஆபத்து இல்லை. நரம்பு செல் வேலை செய்யும் நேரத்தில் அதை ஒளிரவைக்கும் குறியீட்டுப் புரதங்களும் ஆய்வகங்களில் இருக்கின்றன. ஆழமாகப் பார்க்க முடியாத ஒரே குறையை நீக்கிவிட்டால் ஒளி ஒரு பெரிய மருத்துவக் கருவி.

ரத்த ஓட்டத்தோடு ஓட்டப்பந்தயம்

இங்கேதான் வேகம் உள்ளே வருகிறது. பெயின்ட் பூச்சு அசையாது. உடம்பு அசையும். ரத்தச் சிவப்பணு சிறிது தூரம் நகர்ந்தாலே ஒளி சிதறும் விதம் மாறிவிடும். உயிருள்ள திசுவில் இந்த மாற்றம் சில மில்லி நொடிகளில் நடக்கும். ஆழம் கூடக் கூட ஒரு மில்லி நொடிக்கும் குறையலாம். அதற்குள் அளந்து, கணக்கிட்டு, திருத்தி முடிக்காவிட்டால் போட்ட உழைப்பு வீண். துவைத்துக் காயப்போடுவதற்குள் மறுபடி அழுக்காகும் சட்டை மாதிரி.

ஒரு தோராயக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். ஒளியை 1,000 பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதிக்கும் 4 முறை அளப்பதாக வைத்துக்கொள்வோம். மொத்தம் 4,000 அளவீடுகள்.

* சாதாரண திரவப் படிகத் திரை, நொடிக்கு 60 முறை மாறும்: சுமார் 67 நொடிகள்
* நுண்கண்ணாடிச் சிப், நொடிக்கு 20,000 முறை மாறும்: 200 மில்லி நொடிகள்
* நொடிக்கு 3,50,000 முறை மாறும் கருவி: சுமார் 11 மில்லி நொடிகள்

மூன்றாவது கருவியே உயிருள்ள திசுவின் வாசலில்தான் வந்து நிற்கிறது. இன்னும் 10 மடங்கு, 100 மடங்கு வேகம் வேண்டும் என்று ஆய்வாளர்கள் ஏன் துடிக்கிறார்கள் என்பது இந்தக் கணக்கைப் பார்த்தாலே புரியும்.

எந்தக் கருவி எவ்வளவு வேகம்?

1. திரவப் படிகம்: எல்.சி.டி. டிவியில் இருக்கும் அதே பொருள். மின்னழுத்தம் கொடுத்தால் அதன் மூலக்கூறுகள் திரும்பும். ஒளியின் கட்டம் மாறும். லட்சக்கணக்கான பிக்சல்களைத் தனித்தனியாகக் கட்டுப்படுத்தலாம் என்பது பெரிய பலம். ஆனால் மூலக்கூறுகள் உடல் ரீதியாகத் திரும்பி நிற்க மில்லி நொடிக் கணக்கில் நேரம் எடுக்கும். கதவைத் திறந்து மூடுவது போன்ற வேலை அது. நொடிக்குச் சில நூறு முறைக்கு மேல் போவது கஷ்டம்.

2. நுண்கண்ணாடிகள்: டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தின் லாரி ஹார்ன்பெக் 1987ல் கண்டுபிடித்தது. தலைமுடியைவிடச் சிறிய லட்சக்கணக்கான கண்ணாடிகள் ஒரே சிப்பில் அமர்ந்து, இப்படியும் அப்படியும் சாயும். நாம் தியேட்டரில் படம் பார்க்கும் டிஜிட்டல் புரொஜெக்டர்கள் பலவற்றுக்குள் இருப்பது இதுதான். சினிமாவையே மாற்றிய இந்தச் சிப்புக்காக ஹார்ன்பெக்குக்கு 2015ல் ஆஸ்கர் விருதும் கிடைத்தது. நொடிக்கு 20,000 முறைக்கு மேல் மாறும். ஆனால் ஒரு கண்ணாடிக்கு ‘ஆன்’, ‘ஆஃப்’ என்று இரண்டே நிலைதான். நடுவில் நிற்கத் தெரியாது. அதனால் கட்டத்தைத் திருத்தும் வேலைக்கு இதைப் பயன்படுத்தினால் ஒளியில் பெரும்பகுதி வீணாகிறது.

3. நுண்ரிப்பன்கள்: மெல்லிய நாடாக்களை மின்விசையால் மேலும் கீழும் அசைக்கும் சிப். எடை மிகக் குறைவு என்பதால் வேகம் அதிகம். அமெரிக்காவின் கொலராடோ போல்டர் பல்கலைக்கழகக் குழு 2019ல் இதைக்கொண்டு நொடிக்கு 3,50,000 முறை ஒளியைத் திருத்தும் முறையை ‘நேச்சர் போட்டானிக்ஸ்’ இதழில் வெளியிட்டது. நாடாக்கள் ஒரே வரிசையில்தான் இருக்கும். அந்த ஒற்றை வரிசையை வைத்தே ஒரு பரப்பு முழுவதையும் கட்டுப்படுத்தும் வழியைக் கண்டுபிடித்ததுதான் அவர்களின் சாமர்த்தியம்.

4. அசைவே இல்லாத சிப்: எதையும் திருப்பாமல், அசைக்காமல் ஒளியை மாற்றினால் என்ன? அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் கிறிஸ்டோபர் பனுஸ்கி, டிர்க் எங்லண்ட் உள்ளிட்டோர் 2022ல் செய்து காட்டியது இதைத்தான். சிலிக்கானில் ஒளியைச் சிறிது நேரம் சிறைபிடிக்கும் நுண்ணறைகளைச் செதுக்கி, ஒவ்வோர் அறையையும் ஒரு மிகச் சிறிய எல்.இ.டி.யால் கட்டுப்படுத்தினார்கள். அந்த எல்.இ.டி. எரியும்போது அறையில் அடைபட்ட ஒளியின் குணம் மாறுகிறது. இந்த மாற்றம் நடப்பது நானோ நொடிகளில். ஒரு நானோ நொடி என்பது நொடியில் நூறு கோடியில் ஒரு பங்கு.

அப்போ பிரச்சினை தீர்ந்ததா? இல்லை. எம்.ஐ.டி. செய்து காட்டிய அந்த அடுக்கில் இருந்த அறைகள் 64. திரவப் படிகத் திரையில் இருப்பதோ லட்சக்கணக்கான பிக்சல்கள்.

இதுதான் இந்தத் துறையின் தலைவலி. பிக்சல் அதிகம் வேண்டுமென்றால் வேகம் போகிறது. வேகம் வேண்டுமென்றால் பிக்சல் போகிறது. இரண்டையும் ஒரே கருவியில் கொண்டுவருபவர்தான் இந்தப் பந்தயத்தில் ஜெயிப்பார்.

உடம்புக்கு முன்னாடி கேமராவுக்கு வருமா?

வரும். காரணம், சில வேலைகளுக்கு லட்சம் பிக்சல் மாடுலேட்டர் தேவையே இல்லை. ஒட்டுமொத்த ஒளியையும் ஒரே ஷட்டரால் வேகமாகத் திறந்து மூடினால் போதும். தூரத்தை அளக்கும் 3டி கேமரா அப்படிப்பட்ட ஒன்று.

ஒரு நானோ நொடியில் ஒளி 30 சென்டிமீட்டர் போகும். விளக்கை ஒரு சீரான தாளத்தில் கூட்டிக் குறைத்து அனுப்பி, பொருளில் பட்டுத் திரும்பும் ஒளியின் தாளம் எவ்வளவு தள்ளிப்போயிருக்கிறது என்று பார்த்தால் அந்தப் பொருள் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பது தெரிந்துவிடும். 2013ல் வந்த எக்ஸ்பாக்ஸ் ஒன் கினெக்ட் கேமராவும் ஒளி போய்த் திரும்பும் நேரத்தைக் கணக்கிட்டே வேலை செய்தது. 2020 முதல் ஐபோன் ப்ரோ மாடல்களில் இருக்கும் லைடார், ஒளித் துடிப்பு திரும்பி வரும் நேரத்தை அளக்கிறது. ஆனால் இவற்றுக்கெல்லாம் தனியான சென்சார் தேவை. சாதாரண கேமரா சென்சாருக்கு அவ்வளவு வேகமான தாளத்தைப் பின்தொடரத் தெரியாது.

2022ல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகக் குழு வேறு மாதிரி யோசித்தது. சென்சாரை மாற்றுவதற்குப் பதிலாக, அதன் முன்னால் லித்தியம் நையோபேட் என்ற படிகத்தின் மெல்லிய தகட்டை வைத்தார்கள். மின்சாரம் கொடுத்தால் அந்தத் தகடு மணியைப் போல அதிரும். அந்த அதிர்வு ஒளியை நொடிக்குச் சுமார் 37 லட்சம் முறை கூட்டிக் குறைக்கிறது. கடையில் கிடைக்கும் சாதாரண கேமராவே தூரத்தை அளக்கத் தொடங்கியது. மின்சாரச் செலவும் குறைவு.

இதிலும் ஒரு கொடுக்கல் வாங்கல் உண்டு. தாளம் வேகமாக வேகமாகத் தூரம் துல்லியமாகத் தெரியும். ஆனால் அளக்கக்கூடிய எல்லை சுருங்கும். நொடிக்கு 37 லட்சம் முறை என்றால் சுமார் 40 மீட்டர் வரை குழப்பமில்லாமல் அளக்கலாம். நொடிக்கு 10 கோடி முறை என்றால் துல்லியம் கூடும். எல்லை ஒன்றரை மீட்டராகிவிடும். அதற்கு மேல் போனால் 2 மீட்டரில் இருப்பதும் அரை மீட்டரில் இருப்பதும் கேமராவுக்கு ஒன்றாகவே தெரியும். இதைச் சமாளிக்க இரண்டு தாளங்களைச் சேர்த்துப் பயன்படுத்தும் முறை ஏற்கனவே இருக்கிறது.

வானத்தில் ஏற்கனவே ஜெயித்த கதை

கலைந்த ஒளியைத் திருத்தும் வித்தை ஒரு துறையில் ஏற்கனவே பெரிய வெற்றி. அது வானியல். நட்சத்திரங்கள் மினுமினுப்பதற்குக் காரணம் நம் காற்று மண்டலம். கவிஞர்களுக்கு அது அழகு; வானியலாளர்களுக்குத் தொல்லை. வளையக்கூடிய கண்ணாடியால் இதைச் சரிசெய்யலாம் என்று ஹோரஸ் பாப்காக் 1953லேயே எழுதினார். பல ஆண்டுகள் கழித்தே அதற்கேற்ற வேகம் கணினிகளுக்கு வந்தது. நம் பால்வெளியின் மையத்தில் ராட்சதக் கருந்துளை இருப்பதை நட்சத்திரங்களின் அசைவை வைத்து நிறுவிய ஆண்ட்ரியா கெஸ், ரைன்ஹார்ட் கென்செல் இருவரும் 2020ல் நோபல் பரிசு பெற்றனர். அவர்களின் கூர்மையான படங்களுக்கு இந்தத் தொழில்நுட்பம் பெரிய துணை.

சிலியில் கட்டப்பட்டு வரும் ஐரோப்பாவின் ராட்சதத் தொலைநோக்கியில் உள்ள ஒரு கண்ணாடி, 5,000க்கும் மேற்பட்ட இயக்கிகளின் உதவியோடு நொடிக்கு 1,000 முறை வரை தன் வடிவத்தை மாற்றிக்கொள்ளும். இதே உத்தியைக் கண் மருத்துவ ஆய்வுக்குக் கொண்டுவந்து, உயிருள்ள மனிதக் கண்ணின் விழித்திரையில் தனித்தனி செல்களை 1997ல் அமெரிக்காவின் ராசெஸ்டர் பல்கலைக்கழகத்தில் படம்பிடித்தார்கள்.

வானத்தில் முடிந்தது உடம்பில் ஏன் இன்னும் முடியவில்லை? காற்று ஒளியை லேசாக நெளிக்கிறது. சதை ஒளியைச் சுக்குநூறாக்குகிறது. நெளிவைச் சரிசெய்யச் சில ஆயிரம் இயக்கிகள் போதும். சுக்குநூறானதைச் சேர்க்க லட்சக்கணக்கில் பிக்சல்கள் வேண்டும். அதுவும் இன்னும் அதிக வேகத்தில்.

வேகம் மட்டும் வந்தால் போதுமா?

போதாது. மூன்று தடைகள் அடுத்து வரிசையில் நிற்கின்றன.

டேட்டா வெள்ளம்: 10 லட்சம் பிக்சலை நொடிக்கு 10 லட்சம் முறை மாற்ற வேண்டும் என்றால், பிக்சலுக்கு ஒரு பைட் வைத்தால்கூட நொடிக்கு ஒரு டெராபைட் தகவலைச் சிப்புக்கு அனுப்ப வேண்டும். ஒரு லேப்டாப்பின் மொத்த சேமிப்பு அளவு ஒவ்வொரு நொடியும்!

ஒளிப் பஞ்சம்: அளவீடு வேகமாக நடந்தால் ஒவ்வோர் அளவீட்டுக்கும் கிடைக்கும் ஒளி குறைவு. கம்மி வெளிச்சத்தில் மொபைலில் படம் எடுத்தால் புள்ளி புள்ளியாக வருமே, அதே சிக்கல். ‘லேசரைக் கூட்டினால் ஆச்சு’ என்று சொல்ல முடியாது. தோலும் கண்ணும் தாங்கக்கூடிய அளவுக்குப் பாதுகாப்பு வரம்பு இருக்கிறது.

உள்ளே யார் பார்ப்பது? 2007 சோதனையில் பொருளின் மறுபக்கம் கேமரா இருந்தது. மனித மூளைக்குள் கேமராவை வைக்க முடியாது. அதனால் அல்ட்ராசவுண்டை உள்ளே ஒரு புள்ளியில் குவித்து, அந்தப் புள்ளியைக் கடந்து வரும் ஒளியை மட்டும் அடையாளம் காணும் வழியைச் சில குழுக்கள் பயன்படுத்துகின்றன. லிஹாங் வாங் குழு 2015ல் இந்த முறையில், உயிருள்ள திசு அடங்கிய, 5.6 மில்லி நொடியில் மாறிவிடும் ஊடகத்துக்குள் ஒளியைக் குவித்துக் காட்டியது. அவர்கள் பிக்சல் பிக்சலாக அளக்காமல், ஒளியின் வடிவத்தை ஒரே மூச்சில் பதிவு செய்யும் சிறப்புப் படிகத்தைப் பயன்படுத்தினார்கள்.

யாருடைய தோலில் சோதிப்பார்கள்?

வேகத்தைப் பற்றிய பேச்சில் பலரும் கவனிக்காமல் விடும் கேள்வி இது. தோலுக்கு நிறம் தரும் மெலனின் ஒளியை உறிஞ்சும். தோல் கறுப்பாக இருந்தால் உள்ளே போகும் ஒளியும், திரும்பி வரும் ஒளியும் குறைவு.

இது வெறும் கற்பனைப் பயம் இல்லை. பல்ஸ் ஆக்ஸிமீட்டரில் ஏற்கனவே நடந்தது. 2020 டிசம்பரில் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் வெளியான அமெரிக்க ஆய்வு, ஆக்ஸிமீட்டர் கண்டுபிடிக்கத் தவறிய ஆக்சிஜன் குறைபாடு வெள்ளையின நோயாளிகளைவிடக் கறுப்பின நோயாளிகளிடம் கிட்டத்தட்ட மூன்று மடங்கு அதிகம் என்று சொன்னது. அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பும் 2021ல் இந்தக் கருவியின் வரம்புகள் குறித்து எச்சரித்தது. விரலில் மாட்டும் எளிய கருவியிலேயே இந்த நிலை என்றால், மூளைக்குள் பார்க்கப் போகும் கருவியில் எவ்வளவு கவனம் வேண்டும்?

வெள்ளைத் தோலில் மட்டும் அளந்து ‘வேலை செய்கிறது’ என்று முடிவு செய்துவிட்டால், கறுத்த தோலுள்ள நோயாளிக்கு அது தவறான நம்பிக்கையைத் தரும். மாநிறமும் கறுப்பும் இயல்பாக உள்ள நம் ஊருக்கு இது தொலைதூர விவாதம் இல்லை.

நம்ம கைக்கு எப்போ வரும்?

இப்போது இருக்கும் நிலையை வைத்துப் பார்த்தால் வரிசை ஓரளவு தெளிவாகத் தெரிகிறது. முதலில் பயன்பெறுபவை தூரத்தை அளக்கும் கேமராக்கள்: கார், ட்ரோன், ரோபோ, மொபைல். பிக்சல் குறைவாக இருந்தாலும் இவை சமாளித்துக்கொள்ளும். அடுத்து ஆராய்ச்சி நுண்ணோக்கிகள். ஒரு நரம்பு செல்லின் மின்துடிப்பு சுமார் ஒரு மில்லி நொடிதான் நீடிக்கும். பல செல்களின் பேச்சை ஒரே நேரத்தில் பிடிக்க வேகமான மாடுலேட்டர் அவசியம். மருத்துவமனையில் தோலுக்கு அடியில் ஆழமாகப் பார்க்கும் ஒளிக் கருவி இந்த வரிசையின் கடைசியில்தான் நிற்கிறது.

அதுவரை ‘உடம்பை ஊடுருவும் கேமரா ரெடி’ என்று தலைப்புகள் வரும்; வாட்ஸ்அப்பில் வீடியோக்களும் சுற்றும். அப்போது நான்கு கேள்விகளைக் கேட்டுப் பார்த்தால் போதும்.

* எத்தனை பிக்சல்? 64ஆ, லட்சமா?
* சோதித்தது பெயின்ட் பூச்சிலா, கோழி இறைச்சியிலா, உயிருள்ள உடம்பிலா?
* எவ்வளவு ஆழம்? ஒரு மில்லிமீட்டரா, சில சென்டிமீட்டரா?
* எந்தெந்த நிறத் தோலில் சோதித்தார்கள்?

நான்குக்கும் தெளிவான பதில் இருந்தால் அது நிஜமாகவே பெரிய செய்தி. இல்லையென்றால், ஆய்வகத்தில் ஒரு நல்ல படி ஏறியிருக்கிறார்கள் என்று அர்த்தம்; நோயாளியின் படுக்கைக்கு வர இன்னும் பல படிகள் பாக்கி.